ஒகேனக்கல் தண்ணீர் வந்த வழி

2008 ஏப்ரல் 5 அன்று முதலமைச்சர் மு. கருணாநிதி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கர்நாடகத்தில் தேர்தல் முடிந்து புதிய அரசு அமையும்வரை ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் தமிழ்நாடு தள்ளிவைக்கிறது என்பதே அது. முந்தைய நாள்தான் தமிழ்த் திரையுலகம் சேப்பாக்கத்தில் திரண்டு உண்ணாவிரதம் இருந்து முடித்திருந்தது. எல்லையின் இருபுறமும் உணர்ச்சி உச்சத்தில் இருந்த நேரம். அந்த நேரத்தில் ‘பொறுப்போம்’ என்று சொன்னவரை யார் மெச்சுவார்கள்? மண்டியிட்டுவிட்டார் என்றார்கள். கூட்டணிக் கட்சியான காங்கிரஸ் கர்நாடகத் தேர்தலில் நிற்கிறது, அதற்காக மாநில உரிமையை அடகு வைத்துவிட்டார் என்றார்கள். எதிர்க்கட்சிகளுக்கு அது நல்ல தீனி.

இன்று ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் குழாயைத் திறந்தால் காவிரித் தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீர் எப்படி வந்தது என்பதை நிதானமாகத் திரும்பிப் பார்த்தால், 2008 ஏப்ரலில் எடுத்த அந்த முடிவுக்கு வேறு மதிப்பெண் போட வேண்டியிருக்கும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த மாவட்டங்களின் பல கிராமங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் அந்த அளவைத் தாண்டியிருந்தது. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிந்தது. ஆண்டுக்கணக்கில் அதையே குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகி, எலும்பு வளைந்தது. காய்ச்சினாலும் போகாத நஞ்சு அது. ஆற்றுநீரைக் கொண்டுவருவதைத் தவிர பெரிய அளவில் வேறு வழி தெரியவில்லை. அதனால்தான் திட்டத்தின் அதிகாரபூர்வப் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது.

கேட்ட தண்ணீரும் அதிகமில்லை. ஆண்டுக்கு 1.4 டி.எம்.சி. மட்டுமே. தமிழ்நாட்டுக்கு உரிய பங்கிலிருந்தே, தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே எடுப்பது. பெங்களூருவுக்குக் காவிரிக் குடிநீர் கொண்டுபோகும் கர்நாடகத்தின் திட்டமும் ஒகேனக்கல் திட்டமும் 1998இல் சேர்ந்தே பேசப்பட்டன. மத்திய அரசு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டது. காகிதத்தின்படி தமிழ்நாட்டின் பக்கம் நியாயம் முழுமையாக இருந்தது. 2008 பிப்ரவரியில் அடிக்கல்லும் நாட்டியாயிற்று. கடன் கொடுக்க ஜப்பானும் முன்வந்தது.

பிறகு ஏன் தீ பற்றியது? கர்நாடகத்தில் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே இல்லை. 2007 நவம்பரிலிருந்து குடியரசுத் தலைவர் ஆட்சி. மே மாதம் தேர்தல். வாக்குக் கேட்டு வீதிக்கு வந்த எந்தக் கட்சியும் காவிரியில் பின்தங்கியதாகக் காட்டிக்கொள்ள முடியாது. பா.ஜ.க. தலைவர் எடியூரப்பா மார்ச் மாதம் ஒகேனக்கல்லுக்கே வந்து எதிர்ப்புத் தெரிவித்தார். பெங்களூருவில் தமிழ்ப் படம் ஓடிய திரையரங்குகள் தாக்கப்பட்டன. அந்தச் சூழலில் பேசித் தீர்க்கலாம் என்றாலும், அந்தப் பக்கம் உட்கார்ந்து பேச ஆளில்லை. ஆளுநரால் அரசியல் வாக்குறுதி தர முடியாது. போட்டியிடும் கட்சிகளால் நிதானம் காட்ட முடியாது. தமிழ்நாடு அன்று எவ்வளவு உரக்கக் கத்தியிருந்தாலும் அது கர்நாடகத் தேர்தல் மேடைகளுக்குத்தான் விறகாகியிருக்கும். அடி வாங்கியிருப்பவர்கள் பெங்களூருவில் தள்ளுவண்டி வைத்திருந்த, கட்டட வேலை பார்த்த தமிழர்கள்.

தேர்தல் முடிந்தது. மே 30இல் எடியூரப்பா முதலமைச்சர் ஆனார். சூடு தணிந்தது. வேலை தொடர்ந்தது. சுமார் 1,928 கோடி ரூபாய் செலவில் திட்டம் முடிந்து, 2013இல் முதலமைச்சர் ஜெயலலிதா அதைத் தொடங்கிவைத்தார். மூன்று நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், ஆயிரக்கணக்கான குக்கிராமங்கள் அதன் பயன் எல்லைக்குள் வந்தன. கடைக்கோடிக் கிராமங்களில் அழுத்தம் குறைவு, முறை வைத்து விடுகிறார்கள் என்ற புகார்கள் உண்டு. அவை நியாயமானவை, தீர்க்கப்பட வேண்டியவை. ஆனால் தண்ணீர் வந்தது. ஒரு துளி உரிமையையும் எழுதிக் கொடுக்காமல் வந்தது.

திருக்குறளில் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பாய்வதற்கு முன் ஓர் அடி பின்னே வைக்கும் ஆட்டுக்கடாவை வள்ளுவர் அங்கேதான் காட்டுகிறார். அதற்கு அடுத்தது இடனறிதல். கிராமத்துப் பெரியவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து ‘இடம், பொருள், ஏவல் பார்த்துப் பேசு’ என்பார்கள். பெண் கேட்கப் போகும்போதும், வரப்புத் தகராறில் பஞ்சாயத்துக்கு உட்காரும்போதும் இந்த அறிவை நாம் மதிக்கிறோம். அதே அறிவை ஓர் ஆட்சியாளர் மாநில எல்லையில் காட்டினால் மட்டும் துரோகம் என்கிறோம். காரியத்தில் கண்ணும் எதிராளியின் கௌரவத்தில் கவனமும் சேர்ந்த சாதுரியம் என்ற குணத்தை, நம் மேடைப் பேச்சு மெல்ல மெல்லக் கோழைத்தனத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதனால் அதிகம் நஷ்டப்படுவது எல்லையோர மக்கள்தான்.

இந்த மண் இந்தக் குணத்துக்குப் புதிதல்ல. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் ராஜாஜி. ஓசூரில் படித்து, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரிக்குப் போய், சென்னையில் சட்டம் முடித்தார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்கும் ஊரில் வளர்ந்த மனிதர். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, சென்னை மாகாணப் பிரதமராக ராஜாஜி செய்தது கவனிக்கத்தக்கது. முதலில் சட்டம் போட்டு, அதைச் சனாதனிகள் நீதிமன்றத்தில் மடக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நுழைவு நடந்து முடிந்தது. உடனே, நுழைய உதவியவர்கள் மீது வழக்குப் பாயாதபடி அவசரச் சட்டம் வந்தது. பின்னர் அது முழுச் சட்டமாயிற்று. நடந்ததை ஏற்றுக்கொள்வதைத் தவிர எதிர்த்தவர்களுக்கு வேறு வழி வைக்கவில்லை.

அதே ராஜாஜிதான் 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி ஒரு தலைமுறையின் கோபத்தைச் சம்பாதித்தார். 1953இல் பிள்ளைகளுக்கு அரைநாள் பள்ளி, மீதி நேரம் குடும்பத்தாரின் தொழில் என்ற கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் விழுந்தது. சொந்தக் கட்சியே எதிர்த்தது. 1954இல் பதவியை விட்டார். காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அறிவில் குறை சொல்ல முடியாதவர் அவர். ஆனால் யாருடைய வாழ்க்கையைத் தொடுகிறோமோ அவர்கள் அதை எப்படி வாங்கிக்கொள்வார்கள் என்ற கணக்கு, கோயில் நுழைவில் இருந்தது, கல்வித் திட்டத்தில் இல்லை. கூர்மை மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு ஓசூர் மண்ணின் மகனே இரண்டு பக்கத்துக்கும் சாட்சி.

இந்தப் பகுதியின் பிழைப்பைப் பார்த்தால், சண்டை இங்கே எவ்வளவு விலை கேட்கும் என்பது புரியும். ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். 1970களில் சிப்காட் வந்தது. பிறகு அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் வந்தன. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. டாடா இண்டஸ்ட்ரீஸ் என்பதன் முதலெழுத்துகளையும் தமிழ்நாட்டின் முதலெழுத்துகளையும் ஒட்டவைத்த பெயர் அது. தொழிற்சாலை ஓசூரில். தலைமை அலுவலகம் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில். ஒரே நிறுவனத்தின் இரண்டு கால்களும் இரண்டு மாநிலத்தில் ஊன்றியிருக்கின்றன. இன்று போச்சம்பள்ளியில் ஓலா மின் ஸ்கூட்டர், ஓசூரில் ஏத்தர், கூத்தனப்பள்ளியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று பட்டியல் நீளமாகிவிட்டது. ஓசூரில் வாடகைக்கு இருந்துகொண்டு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்களும், அந்தப் பக்கமிருந்து இங்கே ஷிப்டுக்கு வருகிறவர்களும் ஒரே சாலையில் தினமும் எதிரெதிரே கடக்கிறார்கள்.

அந்தச் சாலைதான் 2016 செப்டம்பரில் அறுந்தது. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து செப்டம்பர் 12 அன்று பெங்களூருவில் கலவரம். ஒரே பணிமனையில் நின்ற தமிழ்நாட்டுத் தனியார் பேருந்துகள் பத்துப் பத்தாக எரிந்தன. தமிழ்நாட்டுப் பேருந்துகள் எல்லையிலுள்ள ஜூஜுவாடியோடு நின்றுகொண்டன. பெட்டியைத் தலையில் தூக்கியவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள், முதியவர்கள் எல்லாரும் அத்திப்பள்ளியை நோக்கி நடந்தார்கள். அங்கே போய் கர்நாடகப் பேருந்து பிடித்தார்கள். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியான 1991 டிசம்பரில் இதைவிடக் கொடுமை. உயிருக்குப் பயந்து தமிழர்கள் கூட்டங்கூட்டமாக எல்லை தாண்டி வந்தார்கள். ஓசூர்க்காரர்களுக்கு இவை செய்தி அல்ல, நினைவு. அதனால்தான் காவிரி சூடாகும் ஒவ்வொரு முறையும் இங்கே வணிகர்கள் அந்தப் பக்கத்து வணிகர்களுடன் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள், லாரி உரிமையாளர்கள் வண்டியை எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். வாடிக்கையாளர் எந்த மொழியில் வாயைத் திறக்கிறாரோ அந்த மொழியில் விலை சொல்லும் கடைக்காரர், தெரிந்தோ தெரியாமலோ, சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ள பலரைவிட நல்ல தூதர்.

சூட்டில் விட்ட வார்த்தைக்கு எவ்வளவு வட்டி கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் 2008ஆம் ஆண்டே காட்டியது. சேப்பாக்கம் உண்ணாவிரதத்தில் கன்னட அமைப்பினரைக் கடுமையாகச் சாடிப் பேசினார் ரஜினிகாந்த். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. ஆகஸ்ட் முதல் தேதி ‘குசேலன்’ வெளியாக வேண்டிய நேரத்தில் கர்நாடகத்தில் படத்துக்குத் தடை என்ற நிலை வந்தது. அவர் வருத்தம் தெரிவித்தார். இப்போது தமிழ்நாட்டில் கண்டனம். பேசியபோதும் வருந்தியபோதும் இழப்பு அவருக்கு மட்டுமல்ல. ஒகேனக்கல் திட்டத்தின் நியாயமும் அந்தச் சத்தத்தில் காணாமல் போனது. புளோரைடு என்ற சொல் அந்த நாட்களில் எத்தனை பேர் வாயில் வந்தது?

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. எல்லாத் தள்ளிவைப்பும் சாதுரியம் ஆகாது. பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் நிறுவிய திருவள்ளுவர் சிலை 1991இலிருந்து 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. அதைத் திறக்காமல் விட்டதில் எந்த நயமும் இல்லை. தொட்டால் சுடும் என்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டதுதான் நடந்தது. கடைசியில் வழி பிறந்தது ஒரு கொடுக்கல் வாங்கலில். 2009 ஆகஸ்ட் 9 அன்று பெங்களூருவில் வள்ளுவர் சிலையைக் கருணாநிதி திறந்தார். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையை எடியூரப்பா திறந்தார். ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒகேனக்கல்லுக்கு எதிராகக் கொடி பிடித்தவரும், அந்தத் திட்டத்துக்கு அடிக்கல் போட்ட அரசின் முதல்வரும் ஒரே மேடையில். கன்னடருக்குத் தங்கள் கவிக்குத் தமிழ்நாட்டில் மரியாதை கிடைத்தது. தமிழருக்கு வள்ளுவர் கிடைத்தார். இரண்டு முதல்வர்களும் தங்கள் ஊரில் தலைநிமிர்ந்து பேச முடிந்தது. எதிராளியும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள ஏதாவது வைத்துவிட்டு வருவது சாதுரியத்தின் பாதி. அந்தப் பாதியை நாம் எப்போதும் மறக்கிறோம்.

அந்த அளவுகோலை நம் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் தாய்மொழியாகக் கொண்டவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். 1956இல் கொள்ளேகால் மைசூருக்குப் போனது, ஓசூர் இங்கேயே இருந்தது. மக்கள் எழுந்து எங்கும் போகவில்லை. 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் படிப்படியாகப் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழ்நாட்டில் வாழும் பிள்ளை தமிழ் படிக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் சிறுபான்மை மொழிப் பள்ளிகளுக்குப் போதிய தமிழாசிரியர் கிடைக்கும் முன்பே தேர்வு வந்து நின்றது. 2016இல் முதல் அணி பத்தாம் வகுப்பை எட்டியபோது பெற்றோர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள், விலக்கு வாங்கினார்கள். ஆண்டுதோறும் விலக்கு, ஆண்டுதோறும் வழக்கு. 2023இல்கூட உச்ச நீதிமன்றம்வரை போய் ஓராண்டு நீட்டிப்பு. முதல் வகுப்பிலிருந்தே நல்ல ஆசிரியரைப் போட்டு, தமிழை ஆசையோடு படிக்க வைத்திருந்தால் இந்த நீதிமன்ற நடையே தேவைப்பட்டிருக்காது. 2024இல் கிருஷ்ணகிரி மக்களவை உறுப்பினர் கோபிநாத் தெலுங்கில் பதவியேற்றபோது சிலர் முகம் சுளித்தார்கள். பெங்களூருவில் ஒரு தமிழர் தமிழில் உறுதிமொழி எடுத்தால் நாம் என்ன நினைப்போமோ அதையே இங்கும் நினைப்பதுதான் முறை.

இப்போது மேசைமேல் இருப்பவை இன்னும் பெரிய விஷயங்கள். 2024 ஜூன் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஓசூர் விமான நிலையத்தை அறிவித்தார். 2,000 ஏக்கர் பரப்பு, ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் திறன். குறுக்கே நிற்பது ஓர் ஒப்பந்தம். பெங்களூரு விமான நிலைய நிறுவனத்துடன் மத்திய அரசு 2004இல் செய்துகொண்ட அந்த ஒப்பந்தத்தின்படி, மைசூரு, ஹாசன் நீங்கலாக, 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033வரை புதிய பெரிய விமான நிலையம் வரக் கூடாது. கர்நாடகமோ பெங்களூருவுக்கு இரண்டாவது விமான நிலையம் தேடிக்கொண்டிருக்கிறது. இதைக் கௌரவப் போட்டியாக ஆக்குவது சுலபம். இரு பக்கத்துத் தொலைக்காட்சிகளும் அதற்குத் தயாராக இருக்கின்றன. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். ஓசூரில் வந்து ஏறப்போகும் பயணிகளில் பெரும்பகுதி எலக்ட்ரானிக் சிட்டியிலும் பெங்களூருவின் தெற்குப் புறநகரிலும் இருப்பவர்கள். இப்போதைய விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிவரை நகர நெரிசலைக் கடந்து போகும் அவர்களின் அலுப்பே இந்தத் திட்டத்தின் பலம். அப்படியிருக்க, அந்த நகரத்தைத் தோற்கடித்ததாகப் பேசிக்கொண்டு விமான நிலையம் கட்ட முடியாது. கர்நாடகத்துக்கும் இதில் என்ன லாபம் என்பதைக் கர்நாடகத்தாரே சொல்லும்படி பேச வேண்டும். நிலம் கொடுக்கப்போகும் நம் விவசாயிகளிடமும் அதே மரியாதையோடு பேச வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய பெங்களூரு மெட்ரோவை ஓசூருக்கு நீட்டும் யோசனையும் இப்படித்தான். சுமார் 23 கிலோமீட்டர் பாதை, இரண்டு மாநிலம், இரண்டு விதமான மின்தொழில்நுட்பம், நடுவே மொழி அமைப்புகளின் எதிர்ப்பு. பொறியாளர்கள் ஒரே அறையில் உட்கார்ந்தால் முடியக்கூடிய பேச்சு, அரசியல் அறிக்கைகளில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது தென்பெண்ணை. ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் வெள்ளை நுரை மலைபோல் எழுகிறது. பெங்களூருவின் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்து வரும் நீர் அது. துர்நாற்றத்தோடு தரைப்பாலம்வரை நுரை மூடும் நாட்களில் போக்குவரத்தே நிற்கிறது. அந்த நீர்தான் வயலுக்குப் பாய்கிறது. தென்பெண்ணையின் துணை நதியான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் யார்கோள் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2019 நவம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்து, தீர்ப்பாயம் கேளுங்கள் என்றது. நீரின் அளவுக்கான அந்த வழக்கு அதன் பாட்டில் நடக்கட்டும். நீரின் தரத்துக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது. நுரையைக் குறைக்க வேண்டும் என்பதில் பெங்களூருவாசிக்கும் அக்கறை உண்டு. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் இதே நுரையைச் சகித்தவர்கள் அவர்கள். பெல்லந்தூர் ஏரிக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கண்டிப்பை வரவழைத்ததும் அந்த நகரத்து மக்களின் கோபமே. அவர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டால் நம் கை பலப்படும்.

ஆகவே தமிழ்நாடு அரசிடம் கேட்க வேண்டியது தெளிவானது. இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் எல்லையில் ஒரே இடத்தில், ஒரே நாளில் தென்பெண்ணை நீரை எடுத்துச் சோதித்து, முடிவை மாதந்தோறும் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடும் ஏற்பாட்டை முதலில் கேட்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியரும் பெங்களூரு நகர மாவட்ட ஆட்சியரும் அமைச்சர்கள் இல்லாமல், கேமராக்கள் இல்லாமல் குறித்த இடைவெளியில் சந்திக்கும் வழக்கம் வேண்டும்; கலவரம் மூளும் நாளில் யாரை அழைப்பது என்பது அப்போது இருவருக்கும் தெரிந்திருக்கும். விமான நிலையப் பேச்சை உடனே தொடங்கி, கர்நாடகத்தின் அடுத்த சட்டமன்றத் தேர்தல் வர வேண்டிய 2028க்கு முன்பே ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அந்த ஆண்டு பிறந்துவிட்டால், 2008இல் போலவே, எதிரே உட்கார்ந்து பேச மறுபடியும் ஆள் இருக்காது.